இடையில் நின்ற படிப்பும் எழுதப்படாத விண்ணப்பமும்

(ஜமாஅத் சார்பில் கல்வி உதவித்தொகை வழங்கிய விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. படிக்கின்ற பிள்ளைகளைப் பாராட்டுவதற்காக நாம் இங்கே கூடியிருக்கிறோம். ஆயினும், இம்மேடைக்கு வர இயலாமற்போன ஒரு பிள்ளையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் பொறியியல் படித்து வந்தார். மூன்றாம் பருவத்தில் மஞ்சள் காமாலை கண்டு இரண்டு மாதங்கள் படுக்கையில் கிடந்தார். தந்தையார் வளைகுடாவில், வீட்டில் தாயார் மட்டுமே. உடல் தேறியபோது தேர்வு நெருங்கிவிட்டது. வருகைப்பதிவு போதாது என்ற அச்சமும், ஆசிரியர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கமும் சேர்ந்து அவரைத் தடுத்துவிட்டன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடமொன்றில் கணக்கெழுதப் போய்விட்டார். "கல்லூரியிலிருந்து நின்றுவிட்டான்" என்று வீட்டார் சொன்னார்கள். ஆனால் கல்லூரியைப் பொறுத்தவரை அவர் நிற்கவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்ற குறி மட்டுமே தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாண்டுகள் கழித்து மீண்டும் படிக்கும் ஆசையோடு என்னிடம் வந்தார். கையில் ஒரு பை. அதில் மருத்துவமனைச் சீட்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துக் கடை இரசீதுகள் யாவும் பத்திரமாக இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று: கல்லூரிக்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பம். சான்றுகள் அத்தனையும் இருந்தன; அவற்றை இணைத்துக் கொடுக்க வேண்டிய ஒரு தாளை மட்டும் எவரும் எழுதவில்லை.

பெரியோர்களே! நம் பகுதிப் பிள்ளைகள் பலவகைக் கல்லூரிகளில் பயில்கிறார்கள். 1973இல் தொடங்கிய இராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. 2013இல் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்தது. கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஒவ்வொன்றின் விதிகளும் வேறுபடும். தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தமக்கெனத் தனி விதிகள் வகுத்திருக்கலாம். எனவே சேரும் நாளிலேயே விதிநூலைக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்துக்காட்டாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். நோய் முதலிய காரணங்களால் 65 விழுக்காடு வரை குறைந்தாலும், உரிய சான்று கொடுத்தால் விலக்குப் பெறலாம். வருகை போதுமாக இருந்தும் தேர்வு வேளையில் நோயுற்றால், படிப்புக்காலம் முழுவதிலும் ஏதேனும் ஒரு பருவத் தேர்வினின்று விலகிக்கொள்ள அனுமதி கேட்கலாம். படிப்பையே சிறிது காலம் நிறுத்திவைக்க நேர்ந்தால், ஓராண்டுவரை "படிப்பு இடைவெளி" பெறவும் வழியுண்டு. இதற்குரிய விண்ணப்பம், தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் கல்லூரி முதல்வர் வழியாகச் சென்றாக வேண்டும்.

இங்கேதான் உற்றுக் கவனிக்க வேண்டும். அனுமதி பெற்ற இடைவெளி, மதிப்பெண் வகுப்பைத் தீர்மானிக்கும் காலக்கணக்கில் சேராது. வருகை குறைந்து தடுத்து நிறுத்தப்பட்டவரின் காலமோ அனுமதி பெற்ற இடைவெளியாகவே கொள்ளப்படாது. நோய் ஒன்றுதான், விடுபட்ட நாட்களும் ஒன்றுதான். எழுதிக்கொடுத்தவருக்கு அது இடைவெளி. எழுதாதவருக்கு அது குறை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், பருவம் முடிந்து மதிப்பெண் வந்த பின்னரும், கடும் நோய் போன்ற காரணங்களைக் காட்டி அப்பருவ வகுப்புகளிலிருந்து பின்தேதியிட்டு விலகக் கோரலாம். கோரிக்கை ஏற்கப்பட்டால் தோல்விக் குறி நீங்கி, விலகினார் என்பதைக் குறிக்கும் "டபிள்யூ" என்ற எழுத்து இடம்பெறும். அங்கும் மருத்துவச் சான்று கேட்பார்கள். உரிய காலத்தில் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்றும் கேட்பார்கள். நம் நாட்டு ஏற்பாடு பெரும்பாலும் முன்கூட்டிக் கேட்பதையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே காலம் தவறாமை நமக்கு இன்னும் முக்கியமாகிறது.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்கள் முன்னதாக விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். அதன்பின் 90, 80, 50 விழுக்காடு எனக் குறைந்துகொண்டே போய், கடைசி நாள் கழிந்து முப்பது நாட்களுக்கு மேலாகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தரவேண்டுமே தவிரக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது. கல்விக்கடன் பெற்றிருந்தால் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அன்பர்களே! நோயாளிக்கும் பயணிக்கும் ரமலான் நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் விடுபட்ட நாட்களை எண்ணி வைத்துப் பின்னர் களாச் செய்யவேண்டும். சலுகை உண்டு, கணக்கும் உண்டு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை ஆலிம்கள் நமக்குப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தலை அத்துணை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சார்ந்த நாம், பிள்ளையின் படிப்பை வாய்ச்சொல்லோடு விட்டுவிடலாமா?

அந்த இளைஞருக்காக நாங்கள் மருத்துவச் சான்றுகளை இணைத்து, நடந்ததை மறைக்காமல் ஒரு விண்ணப்பம் எழுதினோம். சில முறை நேரில் சென்ற பின் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. இழந்த பருவத்தை மீட்க முடியவில்லை. இன்று அவர் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் வேறொரு பட்டம் படிக்கிறார். தாமதமான விண்ணப்பத்துக்கும் பயனுண்டு. ஆனால் பாதிப் பயனே உண்டு.

ஆகவே ஜமாஅத்தாரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணிநேரம், விண்ணப்பம் எழுதத் தெரிந்த இருவர் பள்ளிவாசல் அலுவலகத்தில் அமரட்டும். பிள்ளை பத்து நாட்கள் தொடர்ந்து கல்லூரிக்குப் போகவில்லையென்றால் பெற்றோர் அங்கே வரட்டும். விண்ணப்பத்தை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றில் கல்லூரி அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் பெற்று வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். உதவித்தொகை கொடுப்பது போலவே இதுவும் கல்விக்குச் செய்யும் உதவிதான்.

மாணவச் செல்வங்களே! நோய் குற்றமன்று, வறுமையும் குற்றமன்று. வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள். வாப்பாவிடம் சொல்லத் தயங்கினால் எங்களிடம் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் உடல்நலத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.