ஆளில்லாத கடை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வெளிநாட்டுப் பயணம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். மாளிகைகளையும் கோபுரங்களையும் பற்றிப் பேச வல்லார் பலர் உளர். நான் வழியோரக் கடை ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2018 நவம்பரில் குடும்பத்துடன் ஜப்பான் சென்றிருந்தேன். அந்நாட்டின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது ஷிகொக்கு. 88 கோயில்களை வலம்வரும் யாத்திரைக்குப் பெயர் பெற்றது. அத்தீவின் எஹிமே வட்டாரத்தில், நம் கமலா ஆரஞ்சை ஒத்த ‘மிக்கான்’ பழம் பெருக விளைகிறது.

அங்கே ஒரு சிற்றூர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். தகரக் கூரையின் கீழ்ப் பலகைத் தட்டு. அதன்மேல் பை பையாகப் பழங்கள். ‘100 யென்’ என்றெழுதிய அட்டை. பக்கத்தில் ஓர் உண்டியல். விற்பவரைத் தேடினேன், ஒருவரும் இலர்!

இதனை ‘முஜின் ஹன்பாய்’, அதாவது ஆளில்லா விற்பனை என்கின்றனர். அளவிற் சிறுத்தும் தோலில் வடுப்பட்டும் போன பழங்களைச் சந்தை விரும்புவதில்லை. அவற்றை விற்க ஆள் வைத்தாலோ கட்டுபடியாகாது. ஆகவே உழவர் பழங்களை வைத்துவிட்டுத் தம் வேலைக்குச் சென்றுவிடுகிறார். பிறகு வந்து உண்டியலைத் திறக்கிறார்.

என் மகள் பையை அவிழ்த்துப் பழத்தை உரித்துவிட்டாள். என்னிடமோ 1,000 யென் தாள் மட்டுமே இருந்தது. உண்டியல் வாங்குமேயன்றிச் சில்லறை தருமா? “வரும்போது போட்டுவிடலாம், அம்மா” என்றேன்.

“நாம் திரும்பி இந்த வழியாக வரமாட்டோமே, அப்பா!” என்றாள் அவள்.

நான் தலைகுனிந்தேன். அரைக் கிலோமீட்டர் நடந்து, தானியங்கிப் பெட்டி ஒன்றில் தாளைச் செலுத்தித் தேநீர்ப் புட்டி வாங்கினேன். சில்லறை கிடைத்தது. திரும்பிச் சென்று காசை உண்டியலில் இட்டேன்.

நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. அன்று என்னிடம் முன்னது இல்லை; பின்னதையும் இழக்க இருந்தேன். குழந்தை காத்தது.

அங்கும் திருட்டு இல்லாமலில்லை. சில கடைகளில் இன்று கேமராவும் காசு போட்டால் திறக்கும் பெட்டியும் வந்துவிட்டன. ஒவ்வொரு கள்ளனும் தனக்குப் பின் வரும் நல்லவர்மீதும் ஐயத்தை ஏற்றிவிட்டுப் போகிறான்.

அன்பர்களே! மொழியறியாது இவ்வூருக்கு நாம் வந்த நாளை எண்ணிப் பாருங்கள். ஊரும் பேரும் அறியாத நமக்குக் கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் தந்தாரல்லவா? அவரும் தம் கடையை நம்மை நம்பித் திறந்துவைத்தவரே. அந்நம்பிக்கை நமக்குப் பின் வருபவர்க்கும் கிட்ட வேண்டுமாயின், அதனைக் காப்பது நம் கடன்.