என் பேரு இருக்கா?

நைனார்பாளையத்து டீக்கடை. இரண்டு கட்சிக்காரர்களுக்குள் வாக்காளர் பட்டியல் திருத்தம் பற்றிக் காரசாரமான வாக்குவாதம். "செத்தவங்க பேரை எடுத்தாத்தானே கள்ள ஓட்டு ஒழியும்?" என்கிறார் ஒருவர். "உயிரோட இருக்கறவங்க பேரும்ல சேர்ந்து போகுது!" என்கிறார் மற்றவர். பக்கத்திலிருந்த பாட்டி கேட்டாராம்: "அது கெடக்கட்டும் தம்பி, என் பேரு இருக்கா?" இரண்டு பேரும் கப்சிப்!

நேயர்களே, 2025 டிசம்பரில் வெளியான தமிழக வரைவு வாக்காளர் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவு என்றது தேர்தல் ஆணையம். இந்தத் திருத்தத்தை எதிர்த்து தி.மு.க. உச்ச நீதிமன்றம் போனது, அ.தி.மு.க. ஆதரித்தது.

பட்டியலில் பெயர் விடுபடுவது புதிதல்ல. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியலில், வட மாநிலப் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி' என்றே பதிந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. அதனால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் பெண் வாக்காளர்களில் 65.8 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், ஆண்களில் 65.6 சதவீதம் பேர்தான்!

பெண்கள் கதை மட்டுமல்ல, நம் கல்வராயன் மலையும் 1976 வரை ஜாகீர்தார்கள் எனும் நிலக்கிழார்கள் கையில் இருந்தது. இன்று அந்த மலையிலும் வாக்குச்சாவடி இருக்கிறது. கிடைக்காத உரிமையும் ஒருநாள் வரும். ஆனால் தானாக வராது, கேட்டால்தான் வரும்.

கட்சிகள் சண்டை போடட்டும், அது அவர்கள் வேலை. நம் வேலை, பட்டியலில் பெயரைத் தேடிப் பார்ப்பது. இல்லையென்றால் படிவம் 6, பிழையென்றால் படிவம் 8. அப்படியே படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் பார்த்துச் சொல்லுங்கள்!