யாப்பும் அமைப்பும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. ஊதியமின்றி, ஆர்வத்தால் மட்டுமே கூடுவோர்க்கு விதிகள் எத்துணை வேண்டும்? ‘கவிஞர் கூடுமிடத்தில் விதி எதற்கு?’ என்பார் ஒரு சாரார். ‘விதியில்லாத அவை நிலைக்காது’ என்பார் மற்றொரு சாரார்.

வரலாறு இருவர்க்கும் சான்று தருகிறது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், 1911இல் அவர் மறைந்த பின்னும் நிலைத்தது. கல்லூரி, நூலகம், அச்சகம், ‘செந்தமிழ்’ இதழ் எனப் பணிகள் வகுக்கப்பட்டிருந்தமையால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர முடிந்தது. 1971இல் கோவையில் எழுந்த ‘வானம்பாடி’யோ தோழமையையே அமைப்பாகக் கொண்டது. விலையிலாக் கவிமடலாக வந்து புதுக்கவிதைக்குப் புதுவேகம் தந்தது. கருத்து மாறுபாடு முற்றியபோது தோழர்கள் பிரிந்தனர். ஓர் இயக்கம் தன் பணியை ஆற்றிக் கலைவதில் இழுக்கில்லை. ஆயின், புதிதாய் எழுத வருவோர்க்கு ஆண்டுதோறும் இடந்தர வேண்டிய வட்டம் அவ்வாறு கலைந்துவிடலாகாது.

விதியில்லாத இடத்தில் அதிகாரம் இல்லாமற் போவதில்லை. அது மறைந்து நிற்கிறது. கடிதம் எழுதுபவர், மண்டபம் பிடிப்பவர், பணம் வாங்கி வைப்பவர் எல்லாம் ஒருவரே ஆகிறார். சுமையும் அவருடையதே, சொல்லும் அவருடையதே. அந்நிலையில் ஒருவர் கணக்குக் கேட்டால் அது பழியாகத் தோன்றுகிறது. ஆண்டுதோறும் கணக்குப் படிப்பது வழக்கமாயின், அதே கேள்வி எவர் மனத்தையும் புண்படுத்துவதில்லை. நட்பைக் காக்கவே விதி வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் கேட்பனவும் அரியன அல்ல. எழுவர் கூடினால் பதிவு செய்யலாம். நிருவாகக் குழுவில் மூவர்க்குக் குறையலாகாது. அவர்தம் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. பதவி கைமாற வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

கவிஞர்க்கு இதனை யாப்பின் வழியே விளக்கலாம். வெண்பா பிறதளை விரவுதலை ஏலாது. ஆசிரியப்பாவோ தன்தளையோடு பிறதளையும் விரவ இடந்தரும்; அடிப்பேரெல்லைக்கும் வரையறை இல்லை. ஆயினும் அதுவும் யாப்பே. இலக்கிய வட்டத்திற்கு வெண்பாவின் இறுக்கம் ஆகாது. ஆசிரியப்பாவின் நெகிழ்ச்சி போதும்.

மாறாத கூட்ட நாள், எழுதிவைத்த நடவடிக்கைக் குறிப்பு, அவையில் படிக்கப்படும் கணக்கு, காலவரையறையுள்ள பொறுப்பு ஆகிய நான்கும் இன்றியமையாதவை. எவர் கவிதையை ஏற்பது, எதைக் குறைகூறலாம், எவரை முதலில் அமர்த்துவது என்பவற்றுக்கு விதி வகுத்தால் கவிதை வெளியேறிவிடும். பதவிகள் மட்டுமே எஞ்சும்.

தொடங்கியவர் வராத நாளிலும் விளக்கேற்றிப் பாயை விரித்து அவையைத் தொடங்க ஒருவர் இருப்பாராயின், அவ்வட்டத்திற்குப் போதிய அமைப்பு உண்டு. அதற்கு மேற்பட்டது சுமை. அதற்குக் குறைந்தது இடர்.