மட்பாண்டத் தொழிலும் தீவக வாலிபரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சட்டி பானையைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு மேடை வேண்டுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வேண்டும்; கலியாணப் பந்தரில் அரசாணிப் பானை வேண்டும்; சுடலையிற் கொள்ளிக்குடம் வேண்டும். நன்மை தின்மை எதுவும் மட்பாண்டமின்றி நம்மிடையே நடைபெறுவதில்லை. ஆகவே இதைப் பேச இம்மேடை தக்க இடமே.

நமது தீவகத்துக்கும் மட்பாண்டத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றிப் பேசுகின்றது. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. அதே தீவிலுள்ள அல்லைப்பிட்டியிற் சீனத்து மட்பாண்டத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. ஆராய்ந்தோர் அவற்றை 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை என்பர். நெடுந்தீவுக்கோ ஒல்லாந்தர் டெல்வ்ற் என்று பெயரிட்டனர். அவர்கள் நாட்டில், நீலமும் வெள்ளையுமான மட்பாண்டத்தாற் புகழ்பெற்ற நகரின் பெயர் அது.

ஆனால், வனைபவருக்கு நமது நிலம் எளிதில் இணங்குவதில்லை. கீழே சுண்ணக்கல், கரையெங்கும் சிப்பியும் முருகைக்கல்லும். இதன் பயனை நான் பட்டு அறிந்தேன். அதைச் சொல்லுகிறேன்.

இளமையிற் குடாநாட்டிலே ஒரு முதியவரிடம் சக்கரம் பழகப் போனேன். முதல் மாதம் முழுவதும் மண் மிதித்ததுதான் வேலை. பிறகு சக்கரத்தின் நடுவே மண்ணை நிறுத்தப் பழக்கினார். நடுவில் நில்லாத மண், எவ்வளவு கவனமாகத் தூக்கினாலும் ஒருபக்கம் மெலிந்து கிழிந்துவிடும். வனைந்ததை நூலால் அறுத்தெடுத்து, பாதி உலர்ந்ததும் உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டி அடியை மூட வேண்டும். நிழலில் நன்றாக உலரவிட்ட பின்னரே சூளைக்கு வைக்கலாம். இவ்வளவும் அவர் வாயாற் சொன்னது குறைவு. என் கைமேல் தம் கையை வைத்தே காட்டினார்.

சிறிது கைவந்ததும் எனக்குப் பெருமை வந்துவிட்டது. எங்கள் ஊர்க் குளத்து மண்ணை அள்ளிச் சென்று பத்துச் சட்டிகள் வனைந்து சுட்டேன். தட்டிப் பார்த்தாற் கணீரென்றன. ஒரு கிழமைக்குள் அவற்றில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின, பொருக்குப் பொருக்காய்ப் பெயர்ந்தன, பத்தும் பாழ். முதியவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். “தம்பி, நீங்கள் சட்டியைத்தான் பாத்தியள், மண்ணைப் பாக்கேல்லை” என்றார்.

மண்ணிற் கலந்திருந்த சிப்பித் துணுக்குகள் நெருப்பில் நீறாகிவிட்டன. நீறு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வீங்கியது. வீங்கியபோது சட்டியை உடைத்தது. மண்ணை உலர்த்தி இடித்து, நீரிற் கரைத்து, துணியில் வடித்தெடுத்திருந்தால் இது நேர்ந்திராது. முட்டியின் உள்ளே பூசிய சுண்ணாம்பு, பனையிலிருந்து இறங்குவது கள்ளாகாமற் கருப்பநீராய் நிற்க உதவுகின்றது. அதே சுண்ணாம்பு முட்டியின் மண்ணுக்குள் இருந்தால் முட்டியையே கொல்லுகின்றது.

அன்று வேறொன்றும் என் நெஞ்சில் உறைத்தது. அவர் என்னிலும் நாற்பது வயது மூத்தவர். என்னை “நீங்கள்” என்றார். எங்கள் வீட்டிலோ அவரைப் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம். முற்றத்துக்கு மேலே அவர் ஏறியதில்லை. அன்றுதான் முதன்முறையாக அவரை “ஐயா” என்று அழைத்தேன். அவர் திடுக்கிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்பர்களே, அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தமையால் இத்தொழில் நலிந்தது என்கிறோம். அது பாதி உண்மையே. மண்குடத்தின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கின்றது. பிளாஸ்டிக் குடத்தால் அது ஆகுமா? மண்சட்டி மீன்குழம்பின் சுவையை நாம் மறந்துவிடவுமில்லை. தொழிலோடு ஒட்டிய இழிவுக்கு அஞ்சியே அவர்தம் பிள்ளைகள் சக்கரத்தை விட்டகன்றார்கள். இழிவை ஒட்டியவர்கள் நாமல்லவா? தில்லையிற் குயவராயிருந்து அடியார்க்கு ஓடு வனைந்து கொடுத்த திருநீலகண்ட நாயனாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து வணங்குகிறோம். அவர் தொழிலைச் செய்தவரை முற்றத்தில் நிறுத்தினோம்.

புதுச்சேரியில் 1971 இல் ரே மீக்கர், டெபோரா சிமித் என்னும் அமெரிக்கர் இருவர் கோல்டன் பிரிட்ஜ் என்ற மட்பாண்டச்சாலையைத் தொடங்கினர். குயக்குலத்திற் பிறவாத பலர் அங்கே சக்கரம் பழகிப் பெயர்பெற்றனர். கடல் கடந்து வந்தவர் செய்ததை நாம் செய்ய முடியாதா?

நான் கேட்பது பெரிதன்று. இச்சங்கக் கட்டடத்தின் பின்புறத்தில் ஒரு சக்கரம் இடுங்கள். வடித்த மண்ணைக் குடாநாட்டிலிருந்து வருவியுங்கள். இத்தொழிலை அறிந்த முதியவர் ஒருவரை அழைத்து, தகுந்த வேதனம் கொடுத்து, கதிரையில் இருத்தி, ஆசிரியர் என்று அழையுங்கள். ஆணும் பெண்ணும், எவர் வீட்டுப் பிள்ளையும், ஒரே மண்ணை மிதிக்கட்டும். முதலாண்டில் விற்க எண்ணாதீர்கள். ஒரே அளவில் ஆறு சட்டி வனையவும், மூடி பொருந்தவும் பழகினாற் போதும்.

வடிக்காத மண்ணிற் செய்த சட்டி, சுட்ட அன்று அழகாகவே இருக்கும், பின்னர்தான் வெடிக்கும். சமூகமும் அப்படியே. ஆகையால் முதலில் மண்ணை வடிப்போம்.