வயிற்றில் ஒளிந்திருக்கும் க்ஷயம்

க்ஷயரோகம் என்றதும் இருமலையும் இளைத்த மார்பையுமே நினைத்துக்கொள்ளும் நமக்கு, அந்த வியாதி சில சமயம் நுரையீரலில் சுவடே காட்டாமல் வயிற்றின் உட்சவ்வில் குடிபுகுந்து, நீர் கோக்கச் செய்து, உடலை மெலியவைத்து, புற்றுநோயின் வேஷத்தை அப்படியே தரித்துக்கொள்ளும் என்பது விசித்திரமாகவே தோன்றும்.

வேஷம் சாமானியமானதன்று. ஒரு ஸ்திரீயின் வயிறு வீங்கி, ஸ்கேன் படத்தில் நீரும் சவ்வின் தடிப்பும் தென்பட்டு, சூலகப் புற்றுநோயில் உயரும் சி.ஏ. 125 என்னும் ரத்தப்பொருளும் 35 யூனிட் என்ற வரம்பைத் தாண்டிப் பன்மடங்கு ஏறியிருக்குமானால், தேர்ந்த வைத்தியரும் புற்று என்றே சந்தேகிப்பார். ஆனால் சவ்வு அழற்சியுற்றாலே அப்பொருள் ஏறிவிடுமாதலால், அதன் சாட்சியத்தை மாத்திரம் நம்பித் தீர்ப்புச் சொல்வது அபாயம். வயிற்றுநீரை எடுத்து ஆராய்ந்தாலோ, 1882இல் ராபர்ட் கோக் உலகுக்குக் காட்டிய அந்தக் கிருமி அதில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. அடினோசின் டீஅமினேஸ் என்னும் நொதி அந்நீரில் மிகுந்திருந்தால், அது நல்ல துப்பு.

நிச்சயம் வேண்டுமெனில், சிறு துவாரத்தின் வழியே குழாய்க்கருவியைச் செலுத்தி, சவ்வின்மேல் தினையளவாய்ச் சிதறிக்கிடக்கும் வெண்முடிச்சுகளில் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கவேண்டும். (கண்ணை மட்டும் நம்பினால் அங்கேயும் ஏமாறலாம், புற்றும் அப்படித் தினை தினையாய்ப் பரவுவதுண்டு.) துணுக்கில் க்ஷயம் உறுதிப்பட்டுவிட்டால், சூலகத்தையும் கர்ப்பப்பையையும் அகற்றும் பெரிய சஸ்திரசிகிச்சைக்கு அவசியமின்றி, ஆறு மாத மருந்திலேயே பெரும்பாலோருக்கு அந்த நீர் வற்றிவிடுகிறது.