கைக்கு வராத கோப்பை

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில், மோட்டார் பட்டறை நடத்தும் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு கொடுக்க என்னை அழைத்திருக்கிறார்கள். உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே பள்ளிக்கூடத்திலே நான் ஆறு வருஷம் படித்தேன். ஒரு பரிசுகூட வாங்கினதில்லை. அதனாலே, முன் வரிசையிலே இருக்கிற பிள்ளைகளை வாழ்த்திவிட்டு, பின் வரிசையிலே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளோடு கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன்.

எனக்குத் தெரிந்தது காடித் தொழில். ஆகவே ஒரு காடிப் பந்தயக்காரரின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலே 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று உண்டு. கடையிலே விற்கிற காடியைப் போலவே தோற்றமுள்ள காடிகளை வட்டப் பாதையிலே நூற்றுக்கணக்கான சுற்று ஓட்டுவார்கள். 'நாஸ்கார்' என்ற அமைப்பு 1948 முதல் இதை நடத்துகிறது. அதிலே ஓட்டியவர்களில் ஒருவர் வெண்டல் ஸ்காட். 1921இல் வர்ஜீனியா மாநிலத்து டான்வில் ஊரிலே பிறந்தவர். டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரிலே இராணுவத்தில் சேர்ந்து காடிகளைப் பழுதுபார்த்தார். பிறகு ஊருக்குத் திரும்பிப் பட்டறைத் தொழில் செய்தார். 1952இல் பந்தயத்தில் இறங்கினார். 1961இல் நாஸ்காரின் பெரிய பந்தயங்களுக்கு வந்துவிட்டார்.

அவர் கறுப்பினத்தவர். அந்தக் காலத்திலே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பள்ளிக்கூடம் வேறு, பஸ்ஸிலே இடம் வேறு. பந்தயத்துக்குப் போகிற வழியிலே பல கடைகளில் சாப்பாடு கிடைக்காது, பல விடுதிகளில் அறை கிடைக்காது. பெரிய ஓட்டுநர்களுக்குப் புதுக் காடியும் சம்பளத்துக்கு மெக்கானிக்குகளும் இருந்தார்கள். ஸ்காட்டுக்கு இருந்தது பழைய காடி, பழைய டயர், கூடவே வேலை செய்ய அவர் பெற்ற பிள்ளைகள்.

1963 டிசம்பர் 1ஆம் தேதி, புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரிலே ஒரு பந்தயம். அரை மைல் மண் பாதை, 200 சுற்று. ஸ்காட் ஓட்டியது ஏற்கனவே இன்னொருவர் ஓட்டி விற்ற செவர்லே காடி. முடிய இருபத்தைந்து சுற்று இருக்கும்போது, புகழ்பெற்ற ரிச்சர்ட் பெட்டியை முந்தினார். 200 சுற்றையும் முடித்தார். ஆனால் வெற்றிக்கொடி ஆடவில்லை! இன்னும் சுற்றினார். கடைசியிலே பக் பேக்கர் என்பவர்தான் வென்றார் என்று அறிவித்து, கோப்பையையும் அவர் கையிலே கொடுத்துவிட்டார்கள்.

ஸ்காட் விடவில்லை. கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அந்த நாளிலே சுற்றுகளை ஆள் உட்கார்ந்து காகிதத்திலேதான் குறிப்பார்கள். மணிக்கணக்காகப் பார்த்தார்கள். பேக்கரைவிட ஸ்காட் இரண்டு சுற்று முன்னாலே இருந்தார் என்று தெரிந்தது. எண்ணியதில் தவறு என்றார்கள். வெள்ளைக்கார அழகுராணி பக்கத்திலே ஒரு கறுப்பர் கோப்பையோடு நிற்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் குடும்பத்தார் நம்பினார்கள். ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் கலைந்துபோன பிறகு, அவரே வென்றவர் என்று ஒப்புக்கொண்டார்கள். பணம் கொடுத்தார்கள். அந்தக் கோப்பை மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை.

பிள்ளைகளே, அந்தப் பெரிய பந்தயங்களில் அவர் மொத்தம் 495 முறை ஓட்டினார். முதலாவதாக வந்தது அந்த ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு தடவையும் இப்படி! நாமாக இருந்தால் சாவியைத் தூக்கி எறிந்திருப்போம். அவர் மறுபடியும் பட்டறைக்குப் போனார். 1966ஆம் ஆண்டு மொத்தப் புள்ளிக் கணக்கிலே ஆறாவதாக வந்தார். 147 முறை முதல் பத்துப் பேருக்குள் வந்தார். பழைய காடியை அப்படிக் கொண்டு வருவது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைப் போன்ற மெக்கானிக்குக்குத் தெரியும். யாரும் பார்க்காத ராத்திரியிலே ஒவ்வொரு நட்டாக முடுக்கியிருக்க வேண்டும்.

1990இல் அவர் காலமானார். 2015இல் நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. 2021இல், ஏறக்குறைய 58 ஆண்டு கழித்து, அந்த வெற்றிக்கான கோப்பை ஒன்றைச் செய்து அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தது. வாங்க அவர் இல்லை.

இடையிலே நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தயப் பாதையிலே எல்லாக் காடியும் ஒரே திசையிலே ஓடும். தலைக்கவசம், வார், தீயணைப்பு வண்டி, டாக்டர் எல்லாம் உண்டு. அப்படி இருந்தும் 1973இல் டல்லடேகா பாதையிலே பல காடிகள் மோதி, ஸ்காட் படுகாயமடைந்தார். அத்தோடு அவருடைய பந்தய வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது. நம்ம பையன்கள் சிலர் ராத்திரியிலே பெரிய ரோட்டிலே மோட்டார் சைக்கிள் ரேஸ் விடுறாங்க. எதிரிலே லோரி வருது. தம்பிகளா, அது போட்டியே இல்லை. அதிலே சுற்றை எண்ண ஆள் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலிலே அழ அம்மாதான் இருப்பாங்க.

பெற்றோர்களே, என் அப்பா பால்மரம் வெட்டினவர். ஆறாம் வகுப்பிலே பரிசளிப்பு விழா முடிந்து வெறுங்கையோடு வந்து, லயத்து வாசலிலே உட்கார்ந்து அழுதேன். அவர் திட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பேரையும் எடுக்கவில்லை. "போன வருஷம் உனக்குப் பின்னக் கணக்கு வராதே, இப்ப வருதா?" என்று கேட்டார். "வருதுப்பா" என்றேன். "அப்புறம் என்னடா, வா சாப்பிட" என்றார். பதினாறில் ஒன்பது இஞ்சு ஸ்பேனர் எது, அரை இஞ்சு எது என்று எடுக்க இன்றைக்கும் அந்தக் கணக்குத்தான் எனக்குச் சோறு போடுகிறது. என் சுற்றை ஒழுங்காக எண்ணியவர் எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாதான்.

அதனாலே உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும், "உனக்கு ஏன் பரிசு கிடைக்கலே?" என்று கேட்காதீர்கள். போன வருஷம் தெரியாதது எது இந்த வருஷம் தெரிந்தது என்று கேளுங்கள். ஆசிரியர்களே, மேடைக்கு வராத பிள்ளையின் சுற்றையும் எண்ணுங்கள். பிள்ளைகளே, கொடி ஆடவில்லை என்று பாதியிலே நிறுத்திவிடாதீர்கள். கணக்குத் தவறு என்று தெரிந்தால், ஸ்காட்டைப் போல மரியாதையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு மறுநாள் வேலையைப் பாருங்கள்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாதவர்களுக்கு என் கைகுலுக்கல். விழா முடிந்ததும் பின் வரிசைக்கு நானே வருகிறேன்.