பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?
(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஆட்டோ ஓட்டுபவருக்கும், அருவிக்கரையில் கடை போட்டிருப்பவருக்கும், லாட்ஜில் வேலை பார்ப்பவருக்கும் சீசன் காசு கைக்கு வர ஆடி பிறந்துவிடும். தனியார் பள்ளியின் முதல் தவணையோ அதற்கு முன்பே வந்து நிற்கும். அந்த இடைவெளியில்தான் நகை அடகுக்குப் போகிறது. ஹராம் என்று தெரிந்தும் வட்டிக்கடன் வீட்டுக்குள் நுழைகிறது. நம் அலுவலகத்தில் கல்வி உதவி மனுக்கள் குவிவதும் அப்போதுதான். எல்லோருக்கும் கொடுக்க நம்மிடம் இருப்பு இல்லை. ஆகவே, எந்தப் பள்ளி என்பதைப் பெற்றோரும் நாமும் சேர்ந்து யோசித்தாக வேண்டும்.

அரசு ஒரு பக்கம், தனியார் மறு பக்கம் என்று பிரித்துப் பேசுகிறோம். நம் மாநிலத்தில் இரண்டும் கலந்தே வளர்ந்தன. காமராஜர் ஆட்சியில் 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே அரசுப் பள்ளிகளுக்குக் கட்டடமும் பெஞ்சும் கொடுத்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் தனியாருடையது. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியைப் பாருங்கள். 1964இல் தொடங்கியது. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ், அரசு உதவியோடு நடக்கிறது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நம் வீட்டுப் பெண்களும் அங்கே போய்ப் பட்டம் வாங்குகிறார்கள். பலர் கை சேர்ந்தால்தான் கல்வி எல்லோருக்கும் எட்டும்.

இப்போது சலுகைகளுக்கு வருவோம். சேர்க்கைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021இல் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. பெயரில் 'அரசு' என்று இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள்.

பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம், 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கியது. 2024 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பன்னிரண்டாவதோடு பெண்ணை நிறுத்த நினைக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

தனியார் பள்ளிதான் வேண்டும் என்றால், கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் உண்டு. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருப்பவர்கள், வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தச் சலுகை 8ஆம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாவதில் முழுக் கட்டணமும் தலையில் விழும். அப்போது பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றி 12 வரை படிக்க வைத்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. இன்னொன்று: 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் கட்டாயமில்லை. சட்டம் கேட்காவிட்டாலும், நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்குத் தாமாகவே சில இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

"அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் வராதே" என்று தாய்மார்கள் சொல்வதை நாம் தள்ளிவிடவில்லை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பள்ளியை விட்டு ஓடினால் பள்ளி திருந்தாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து, ஆசிரியர் பணியிடம் காலியா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

அறக்கட்டளை இவ்வாண்டு இப்படி முடிவு செய்திருக்கிறது. தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும், படிப்பு பாதியில் நிற்கும் நிலையில் உள்ளவர்களுக்கும் உதவியில் முதலிடம். தனியார் பள்ளியில் ஏற்கெனவே படிப்பவர்களின் உதவி இவ்வாண்டு நிறுத்தப்படாது; தொகை நேராகப் பள்ளிக்கே செலுத்தப்படும். புதிதாக எல்.கே.ஜி. கட்டணத்துக்கு உதவி இல்லை. அந்தப் பணத்தில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மக்ரிபுக்குப் பிறகு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுக்கப்படும். ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்தில் ஒரு வகுப்பே படிக்கலாம்.

வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைகளை எங்கே வேண்டுமானாலும் படிக்க வையுங்கள். அது உங்கள் உரிமை. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியும் நம்முடையதுதான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கடனில்லாத வாழ்வையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.